கூட இருப்பவர்கள்

தொலைவில் இருப்பவர்களிடம் அன்பு செலுத்துவது மனிதனுக்கு அவ்வளவு கஷ்டமான காரியம் அன்று. ஏதோ ஒரு தேசத்தில் பூகம்பம் வந்து ஜனங்கள் வீடிழந்து நிற்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் நெஞ்சு இளகுகிறது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அதற்கென்று தனிக் காணிக்கை எடுக்கிறார்கள் என்றால் கை சற்றுத் தாராளமாகவே பைக்குள் போகிறது. விரோதியையும் நேசிக்க வேண்டும் என்ற கட்டளைகூட நம்மில் அநேகரை அதிகமாக வருத்துவதில்லை. விரோதி என்று பெயர் சொல்லத்தக்க ஒருவரைச் சம்பாதித்துக்கொள்ளும் அளவுக்கு நம் வாழ்க்கை பெரியதாக இருந்ததில்லை. வருத்தமெல்லாம் கூட இருப்பவர்களிடத்தில்தான். நூறு தடவை சொன்ன கதையை முதல் தடவை சொல்வதுபோல் ஆரம்பிக்கும் பெரியவர், இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பித் தரும் ஞாபகமே இல்லாத அடுத்த வீட்டு அம்மாள், பக்கத்து மேஜையில் உட்கார்ந்து நாள் முழுதும் விரலால் தாளம் தட்டிக்கொண்டிருக்கும் சக உத்தியோகஸ்தர், ஒருவர் பேசி முடிக்குமுன் தம் பதிலைத் தொடங்கிவிடும் பங்குப் பேரவைப் பெரிய மனிதர் ஆகிய இவர்களில் ஒருவரும் துஷ்டர் அல்லர். மன்னிப்பதற்குக் குற்றம் என்று ஒன்று இருந்தாலாவது மன்னித்துவிட்டோம் என்ற திருப்தி நமக்கு மிஞ்சும். இங்கே அதற்கும் வழியில்லை. நாளைக் காலையிலும் அதே தாளம் கேட்கும்.

பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவித்துக்கொள்ளும் வேளையைக் கவனித்தவர்கள் இதை அறிவார்கள். முன்பின் தெரியாதவரைப் பார்த்துக் கை கூப்பும்போது முகம் மலர்கிறது. மூன்று வரிசை தள்ளி நிற்கும் ஒன்றுவிட்ட சகோதரரின் பக்கம் மட்டும் கழுத்து திரும்ப மறுக்கிறது.

அர்ச்சிஷ்ட சின்னப்பர் கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13-ஆம் அதிகாரம் கல்யாணப் பூசைகளில் அடிக்கடி வாசிக்கப்படுவதால், அது புதுமணத் தம்பதிகளுக்காகவே எழுதப்பட்டது என்ற ஓர் எண்ணம் நம்மிடையே படிந்துவிட்டது. உண்மையில் அது ஒரு சண்டைக்காரச் சபைக்குப் போன கடிதத்தின் ஒரு பகுதி. அந்தச் சபையார் ஆளுக்கொரு தலைவரின் பெயரைச் சொல்லிக் கட்சி கட்டினார்கள். சகோதரன்மேல் சகோதரன் அவிசுவாசிகளின் நியாயஸ்தலத்தில் வழக்குத் தொடுத்தான். ஆண்டவருடைய இராப்போஜனத்துக்கென்று கூடிய இடத்தில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டு குடித்து வெறிக்க, இல்லாதவர்கள் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு அன்பின் லட்சணங்களை வரிசைப்படுத்த முற்பட்ட அப்போஸ்தலர், பொறுமையை முதலில் வைத்துத் தொடங்கி, எல்லாவற்றையும் சகிப்பது என்பதில் கொண்டுபோய் அந்த வரிசையை முடித்தார். இடையில் உள்ளவற்றில் பாதி, அன்பு எவற்றைச் செய்யாது என்று சொல்பவை. ஒரே கூரையின்கீழ் இருந்து ஒருவரையொருவர் சகிக்கமாட்டாமல் தவித்தவர்களுக்கு வேறு எதைச் சொல்லி ஆரம்பிப்பது?

1896-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், பிரான்ஸ் தேசத்து நார்மண்டிப் பிரதேசத்தைச் சேர்ந்த லிசியே என்னும் ஊரின் கார்மேல் மடத்தில், க்ஷயரோகம் பீடித்த 23 வயதுக் கன்னியாஸ்திரி ஒருவர் இதே அதிகாரத்தைப் படித்து, தமக்கு விதிக்கப்பட்ட அழைப்பு அன்பேயன்றி வேறில்லை என்று கண்டுகொண்டதாக எழுதி வைத்தார். அவரைத்தான் நாம் குழந்தை தெரேசம்மாள் என்றும் சிறுமலர் என்றும் அழைத்து, பள்ளிக்கூடங்களுக்கும் பெண் குழந்தைகளுக்கும் அவர் பெயரை வைத்துவருகிறோம். கல்கத்தாத் தெருக்களில் ஊழியம் செய்த தெரேசா அன்னை தமக்குத் தேர்ந்துகொண்ட பெயரும் இவருடையதே. ரோஜாப்பூக்களால் மூடிய பாடுபட்ட சுரூபத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கும் அந்தப் பிரதிமையைக் காணாத கத்தோலிக்கர் நம் நாட்டில் இருக்கமாட்டார். ஆனால், சொல்லத்தான் வேண்டும், அந்தப் பிரதிமை அவருக்குப் பெரிய அநீதி செய்துவிட்டது. உடன்பிறந்த செலின் எடுத்த புகைப்படங்களையே வர்ணம் தீட்டி மென்மைப்படுத்திப் பரப்பினார்கள். அவர் இறந்து ஓராண்டு கழித்து 1898-இல் வெளியான சுயசரிதையும் மூத்த சகோதரியின் கையால் ஏராளமாகத் திருத்தப்பட்டே அச்சேறியது. அவர் எழுதியதை எழுதியபடியே பார்க்க உலகம் 1956 வரை காத்திருக்க நேர்ந்தது. இனிமையே உருவான ஒரு பெண்பிள்ளைக்குப் பொறுமை பிறவிக்குணம்போலும் என்று நாம் நினைத்துக்கொண்டதில் வியப்பில்லை. அலான்சோன் நகரில் சரிகைப்பின்னல் தொழில் நடத்திவந்த தாயாரோ, அந்தக் குழந்தையின் பிடிவாதத்தை யாராலும் வெல்லமுடியவில்லை என்று கடிதம் எழுதியிருக்கிறார். நான்கரை வயதில் அந்தத் தாயையும் இழந்து, தொட்டதற்கெல்லாம் அழுது, அழுததற்காக மறுபடி அழும் சுபாவத்தோடு வளர்ந்தவர் அவர்.

15 வயதில், 1888-ஆம் வருஷம் ஏப்ரல் 9-ஆம் தேதி, அவர் நுழைந்த மடத்தின் அமைப்பையும் நினைவில் கொள்ள வேண்டும். கார்மேல் சபைக் கன்னியர் அடைப்புக்குள் வாழ்பவர்கள். உள்ளே போனவர் உயிரோடு வெளியே வருவது அபூர்வம். இருபதுக்குச் சற்று மேற்பட்ட பெண்கள், வெவ்வேறு வயதும் குடும்பமும் படிப்பும் உடையவர்கள், ஒருவரையொருவர் தேர்ந்துகொள்ளாதவர்கள், சாகும்வரை அதே முகங்களோடு ஜெபித்து, அதே முகங்களோடு உண்டு, அதே முகங்களோடு துணி துவைக்க வேண்டும். குளிர்காலத்தில் கணப்பு மூட்டும் பொது அறை ஒன்றே ஒன்று. கோபம் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு தெருவில் நாலு தப்படி நடந்துவிட்டு வரலாம் என்ற சௌகரியம் இல்லாத வாழ்க்கை அது. அங்கே அவர் செய்தவை என்ன என்று கேட்டால், எடுத்துச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அவ்வளவு அற்பமானவை.

மடத்தில் வயது முதிர்ந்து நோயுற்ற சகோதரி ஒருவர் இருந்தார். மாலை ஜெபம் ஆறு மணிக்கு முடியும். அவரை உணவறைக்கு அழைத்துச் செல்வதற்காக யாராவது ஒருவர் ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே எழுந்திருக்க வேண்டும். அவரைத் திருப்திப்படுத்துவது லேசான காரியம் அன்று என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் அந்த வேலைக்கு ஒருவரும் முந்தவில்லை. இளம் தெரேசா முன்வந்தார், மனமொப்பி அல்ல என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். கிழவி தம் மணற்கடிகாரத்தை எடுத்து அசைத்தால் புறப்படலாம் என்று பொருள். பெஞ்சை இன்ன விதமாக நகர்த்தி இன்ன விதமாகத் தூக்கிக்கொண்டு வர வேண்டும், அவசரப்படக்கூடாது, பின்னாலிருந்து இடைக்கச்சையைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். கால் சற்று இடறினால், வேகமாக நடந்து என்னைத் தள்ளிவிடப் பார்க்கிறாய் என்று புகார். நிதானமாக நடந்தாலோ, உன் கை இருப்பதே தெரியவில்லை, விட்டுவிட்டாய், இந்த வேலைக்கு நீ சின்னப்பெண் என்று அப்போதே சொன்னேனே என்று இன்னொரு புகார். உணவறைக்குப் போய்ச் சேர்ந்தபின் அவரை உட்காரவைத்து, அங்கியின் கைகளை அவர் விரும்பும் முறையில் மடித்துவிட வேண்டும். அத்தோடு வேலை தீர்ந்தது.

தீர்ந்த இடத்தில்தான் தெரேசா ஒன்றைக் கவனித்தார். முடங்கிப்போன விரல்களால் கிழவி தம் ரொட்டியைத் துண்டாக்க முடியாமல் சிரமப்பட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் முதல் ரொட்டியையும் நறுக்கி வைத்துவிட்டு, போகுமுன் நின்று ஒருமுறை மலரச் சிரித்துவிட்டுப் போவதை வழக்கமாக்கிக்கொண்டார். கேளாமல் செய்த அந்த உதவியினாலும், அதைவிட அந்தச் சிரிப்பினாலும், கிழவியின் மனம் அவரிடம் முழுவதும் திரும்பிவிட்டது. நம்மில் கடமையுணர்ச்சி உள்ளவர்கள் அநேகர் இருக்கிறார்கள். அவர்கள் பெஞ்சைத் தூக்குவார்கள், கச்சையைப் பிடிப்பார்கள், அங்கியின் கையையும் மடித்துவிடுவார்கள். பிறகு, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற முகத்தோடு திரும்பிவிடுவார்கள். வீட்டில் படுக்கையில் கிடக்கும் பெரியவர்களுக்கு நாம் மருந்தை வேளை தவறாமல் கொடுத்தும் அவர்கள் திருப்தியில்லாமல் முணுமுணுப்பதற்கு, அந்த முகமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒரு குளிர்கால மாலையில் கிழவியோடு அப்படி மெல்ல நடந்துகொண்டிருந்தபோது தூரத்தில் எங்கோ வாத்திய இசை கேட்டதாம். விளக்குகள் பிரகாசிக்கும் ஒரு பெரிய கூடமும், பொன்முலாம் பூசிய சுவர்களும், அழகாக உடுத்திய யுவதிகள் ஒருவரோடொருவர் உபசார வார்த்தை பேசிக்கொள்வதும் அவருடைய மனக்கண்முன் வந்தன. கண்ணைத் திருப்பினால், மங்கிய வெளிச்சத்தில் மடத்தின் செங்கற்சுவரும், அவ்வப்போது முனகும் நோயாளியும். அந்த மாளிகைச் சுகம் ஆயிரம் வருஷம் கிடைப்பதானாலும் இந்தப் பத்து நிமிஷத்தை அதற்கு ஈடாகக் கொடுத்திருக்கமாட்டேன் என்ற கருத்தில் அவர் எழுதுகிறார். இதைப் படிக்கும்போது ஒரு கணம் சந்தேகம் எழத்தான் செய்கிறது. பக்திப் பரவசத்தில் சற்று மிகைப்படுத்திவிட்டாரோ என்று. ஆனால் சுயசரிதையில் இதற்கு அடுத்த பக்கத்தில் அவர் தம் பலவீனத்தைச் சொல்கிற விதத்தைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் நிற்பதில்லை.

அங்கே சொல்லப்படுவது ஒரு சத்தத்தின் கதை. மாலைத் தியானத்தில் அவருக்குப் பின்னால் அமர்ந்திருந்த சகோதரி ஒருவர், இரண்டு சிப்பிகளை ஒன்றோடொன்று உரசினாற்போல ஒரு விசித்திர ஒலியை எழுப்பிக்கொண்டே இருப்பார். மற்றவர்கள் யாருக்கும் அது கேட்டதாகத் தெரியவில்லை. தெரேசாவுக்குச் செவிப்புலன் கூர்மை. திரும்பி ஒரு பார்வை பார்த்தால் போதும், சத்தம் நின்றுவிடும். அந்தப் பார்வையைத்தான் அவர் பார்க்கவில்லை. உடம்பில் வியர்வை பெருக உட்கார்ந்திருந்து, ஜெபிக்கவும் முடியாமல், கடைசியில் அந்தச் சத்தத்திலிருந்து தப்ப முயல்வதை விட்டு, அதையே ஒரு சங்கீதக் கச்சேரிபோல் உன்னிப்பாகக் கேட்டு, அதையே தம் ஜெபமாக ஒப்புக்கொடுத்தாராம். சலவையறையிலும் இதுபோல் ஒன்று. எதிரே நின்ற சகோதரி கைக்குட்டைகளைப் பலகைமேல் தூக்கிப் போடும்போதெல்லாம் அழுக்குத் தண்ணீர் இவர் முகத்தில் தெறிக்கும். பின்வாங்கி முகத்தைத் துடைத்துக்கொள்வது அவர் மனத்தில் முதலில் எழுந்த எண்ணம். பார்த்துச் செய் அம்மா என்று வாய் திறவாமலே உணர்த்திவிடும் சாமர்த்தியம் அது. அதைச் செய்யாமல் நின்று, போகப் போக அந்தத் தீர்த்தத் தெளிப்பில் ஒரு ருசியே கண்டுவிட்டார்.

இவற்றில் வாய்ச்சொல்லுக்கு இடமே இல்லை என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். கடிந்து பேசாமல் இருப்பதைத்தான் நாம் பொதுவாகப் பொறுமை என்கிறோம். ஆனால் பேசாமலே ஒருவரைக் குத்துவதற்கு மனிதனிடம் எத்தனை உபாயங்கள்! ஒரு பெருமூச்சு, நாற்காலியைச் சற்று ஓசைப்பட நகர்த்துதல், தெறித்த துளியைத் துடைப்பதில் ஒரு நிதானம். மௌனத்தால் செய்யும் இந்தக் கொடுமையில் பக்திமான்கள் கைதேர்ந்தவர்கள்.

மடத்தில் இன்னொரு சகோதரி இருந்தார். அவருடைய பேச்சு, நடை, சுபாவம் எல்லாமே தெரேசாவுக்கு அடியோடு பிடிக்காமல் போயிற்று. இதை அவரே எழுதியிருக்கிறார். பிடித்துப்போகும் என்று காத்திருக்கவில்லை; அந்தச் சகோதரிக்காக ஜெபித்தார், கூடியமட்டும் உதவிகள் செய்தார், முகம் கடுக்கத் தோன்றும்போதெல்லாம் சிரித்தார். ஒருநாள் அந்தச் சகோதரியே வந்து, என்னைக் காணும்போதெல்லாம் சிரிக்கிறீர்களே, என்னிடத்தில் உங்களை அவ்வளவு கவர்வது எது என்று மகிழ்ச்சியோடு கேட்டுவிட்டார். பின்னாளில் தங்களுக்குள் இருந்த பரிசுத்த நட்பைப் பற்றி நினைவுக் குறிப்புகளும் எழுதி வைத்தார். சொந்த அக்காள் மரியே, என்னைவிட அவளிடம் உனக்குப் பிரியம் அதிகமோ என்று குறைப்பட்டுக்கொண்டாராம். இதைக் கபடம் என்று சொல்பவர்கள் உண்டு. உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இருப்பது எப்படிப் புண்ணியமாகும் என்று கேட்பார்கள். லாபம் கருதி நடிப்பவனுக்கு அந்தக் கேள்வி பொருந்தும். கிறிஸ்துநாதர் தம் சீடர்களுக்கு அன்பைக் கட்டளையாக விதித்தார்; உணர்ச்சியை யாரும் யாருக்கும் கட்டளையிட முடியாது, செயலைத்தான் முடியும். விருப்பு வெறுப்பு நம் வசத்தில் இல்லை. கையும் முகமும் நம் வசத்தில் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு தெரேசா ஆரம்பித்தார் என்பதே என் எண்ணம்.

ஆரம்பித்தவர் எப்போதும் ஜெயித்துவிடவில்லை என்பதும் உண்டு. சச்சரவு முற்றி, இனி ஒரு நிமிஷம் நின்றால் கடுஞ்சொல் வந்துவிடும் என்ற நிலையில், படையை விட்டு ஓடும் சிப்பாயைப்போல ஓடிவிடுவேன் என்கிறார். ஒருமுறை, சாவியைத் திருப்பிக் கொடுப்பதில் எழுந்த ஒரு சிறு தகராறில், சுகவீனமாய்ப் படுத்திருந்த தலைமைத் தாயாரை எழுப்பிவிட்ட பழி தம்மேல் விழுந்தபோது, நியாயத்தை எடுத்துச் சொல்லத் துடித்த நாவை அடக்க வழி தெரியாமல் அங்கிருந்து விலகிப்போய், நெஞ்சு படபடக்க மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். படிக்கட்டில் அப்படி உட்கார்ந்திருக்கும் ஒரு பிரதிமையை யாராவது வடித்திருந்தால் நம் கோயில்களுக்கு அது எவ்வளவோ உபகாரமாக இருந்திருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டியிருக்கிறது. பொறுமையைப் பிறருக்கு உபதேசிப்பது மிகவும் சுலபம். பெரும்பாலும் பலமுள்ளவர்களே பலமற்றவர்களுக்கு அதை உபதேசிக்கிறார்கள். அடிக்கும் புருஷனைச் சகித்துக்கொள் என்று மருமகளுக்கும், கூலி குறைத்தவனை மன்னித்துவிடு என்று வேலைக்காரனுக்கும் பிரசங்கம் செய்வதற்கு இந்தச் சிறுமலரைச் சாட்சிக்கு அழைத்தவர்கள் இல்லாமல் இல்லை. அவர்கள் அவரைச் சரியாகப் படிக்கவில்லை. 1893 முதற்கொண்டு புதிதாக வந்த நவகன்னியரைப் பயிற்றுவிக்கும் பொறுப்பில் அவருக்குப் பங்கு இருந்தது. அங்கே அவர் கண்ட குற்றத்தைக் காணாததுபோல் விட்டதில்லை. ஒருவரின் தவற்றை எடுத்துச் சொல்வது தமக்கு எவ்வளவு கசந்தபோதிலும் சொல்லியே தீர்த்தார். கண்டிப்பானவர் என்று பெயரும் வாங்கினார். தம் முகத்தில் தெறித்த தண்ணீரைத்தான் அவர் பொறுத்துக்கொண்டார். பிறர் முகத்தில் தெறித்ததை அல்ல. இந்த வித்தியாசம் தெரியாத இடத்தில் பொறுமையைப் பற்றிப் பேசாதிருப்பதே உத்தமம்.

பிறரைக் குறித்துத் தீர்ப்புச் சொல்லும் விஷயத்தில் அவர் கற்றுக்கொண்ட விதமும் வேடிக்கையானது. கிறிஸ்து பிறப்புக் குடிலுக்கு மரக்கிளைகள் வந்திருந்தன. உள்ளே வாங்கி வைக்கும் வேலைக்குத் தெரேசாவையோ பக்கத்தில் இருந்தவரையோ வரச்சொன்னார்கள். பக்கத்திலிருந்தவருக்கு அந்த வேலை பிடிக்கும் என்று அறிந்த இவர், அவரே போகட்டும் என்று தம் ஏப்ரனை வேண்டுமென்றே மெதுவாக அவிழ்த்தார். பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், இவ்வளவு மந்தமாக அசைகிற உனக்கா இந்தப் புண்ணியம் கிடைக்கப்போகிறது என்று சிரித்தார். மடம் முழுவதும் அப்படியே எண்ணிக்கொண்டது. நற்செயலைச் சோம்பேறித்தனமாகப் பார்க்கக்கூடுமானால், பிறரிடம் நான் காணும் குறையும் எனக்குத் தெரியாத ஒரு நற்செயலாக இருக்கலாமே என்று அன்றுமுதல் யோசிக்கத் தொடங்கினார்.

இந்தச் சம்பவங்களில் பெரும்பாலானவை அவருடைய சுயசரிதையின் மூன்றாவது கையேட்டில் உள்ளவை. 1897 ஜூனில், மரணத்துக்குச் சில மாதம் முன்பு, தலைமைத் தாயாரின் உத்தரவின்பேரில் எழுதத் தொடங்கியது அது. தகப்பனார் உபயோகித்த சக்கர நாற்காலியில் மடத்துத் தோட்டத்தில் உட்கார்ந்து எழுதுவார். பிறர்சிநேகத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கையில் ஒருவர்பின் ஒருவராக வந்து பேச்சுக் கொடுப்பார்கள். பத்து வரி சேர்ந்தாற்போல் எழுதியிருப்பேனோ என்னவோ என்று சிரித்துக்கொண்டே குறிக்கிறார். வைக்கோல் வேலைக்கு வந்த சகோதரி ஒருவர், நாளெல்லாம் இப்படி எழுதினால் களைத்துப்போவீர்களே என்று பரிதாபப்பட்டுவிட்டுப் போகிறார். சகிப்பைப் பற்றிய அத்தியாயம் இடையூறுகளுக்கு நடுவிலேயே எழுதப்பட்டது. கடைசிப் பக்கங்களுக்குப் பேனாப் பிடிக்க வலுவில்லாமல் பென்சிலால் எழுதினார். அதுவும் முடியாமல் ஜூலையில் நிறுத்தினார். செப்டம்பர் 30-ஆம் தேதி இறந்தார், வயது 24. ஒரு கன்னியாஸ்திரி இறந்தால் அவருடைய வாழ்க்கையைச் சுருக்கி மற்ற மடங்களுக்குக் கடிதம் அனுப்புவது வழக்கம். இவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது, ஒன்றுமே செய்யவில்லையே என்று சகோதரிகளில் ஒருவர் முன்கூட்டியே கவலைப்பட்டாராம். 1925-இல் 11-ஆம் பத்திநாதர் அவருக்கு அர்ச்சிஷ்டப் பட்டம் அளித்தார்; 1997-இல் திருச்சபையின் வேதபாரகர் வரிசையிலும் சேர்க்கப்பட்டார்.

அவருடைய திருநாளுக்கு ரோஜாமாலை வாங்கும் பக்தர்கள் அந்த மூன்றாவது கையேட்டையும் ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சிறிய நூல்தான், ஒரு மத்தியானத்தில் முடித்துவிடலாம், கூட இருப்பவர்கள் விட்டால்.